கதவு திறந்தால் நிற்கும் மெஷின்

ஜெலாப்பாங்கிலிருந்து ஈப்போ திரும்பும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் ஒரே தொழிற்சாலைச் சட்டை போட்ட இரண்டு பெண்கள்.

“சோதனை ஆபீசர் வந்தா மட்டும் வேலை செய்யிற கம்ப்யூட்டர் கோடு நான் எழுத மாட்டேன்லா, அக்கா,” என்றாள் இளையவள்.

“அது என்ன கோடு?”

“கதவைத் திறந்தா மெஷினை நிப்பாட்டுற ஸ்கிரிப்ட். அதுக்கு மேல ‘சோதனைன்னா மட்டும்’னு ஒரு ‘இஃப்’ வரி போடச் சொன்னாரு மேனேஜர். போட்டா, சோதனைக்குக் காட்டுற வெர்ஷன்ல அந்தப் பகுதி சேரும். நாம தினம் ஓட்டுற வெர்ஷன்ல சேரவே சேராது.”

“போட்டியா?”

“மாட்டேன்னேன். அவரே போட்டாரு. நான் அந்த வரியை அழிச்சிட்டேன்.”

“ஐயோ, தெரிஞ்சா?”

“தெரிஞ்சிடுச்சி. இன்னைக்கு அவசரத்துல அவரே கதவைத் திறந்து கையை விட்டாரு. மெஷின் டக்குன்னு நின்னுடுச்சி. ‘யாரு இதை நிப்பாட்டினது?’ன்னு கத்தினாரு.”

“நீ என்ன சொன்ன?”

“‘நான்தான் பாஸ். முதல்ல கையை வெளிய எடுங்க’ன்னேன்.”