எங்களுக்காகத் தம் தவறைச் சொன்ன நவமணி அம்மையாருக்கு

கணக்கில் கறாரும் கருத்தில் கனிவும் கொண்டவரே! எங்கள் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் இருபத்தாறு ஆண்டுகள் சம்பள எழுத்தராய் இருந்து, கடுகடுத்த முகத்துக்குள் கரிசனத்தை ஒளித்து வைத்திருந்த எங்கள் நவமணி அக்கா அவர்களே! வணக்கம்.

இன்று உங்களுக்கு அறுபது வயது நிறைகிறது. தொழிற்சாலை இருந்திருந்தால் முதலாளி மாலை போட்டு வழியனுப்பியிருப்பார். அது நொடித்து மூடி இரண்டாண்டு ஆனபடியால், ஜார்ஜ்டவுன் உணவகம் ஒன்றின் மாடியில் நாங்களே வழியனுப்புகிறோம். அழைத்ததும் வந்தீர்களே, அதுவே பெரிது.

உங்கள் நற்பண்புகளை அடுக்க வேண்டிய இடம் இது. தாமதமாய் வந்தவரை வாயாரத் திட்டிவிட்டு, அவர் பெயரைக் குறிக்காமல் விட்டவர் நீங்கள். சம்பள நாளில் வரிசையில் நின்றால் அக்கரைக்குப் போகும் பட்டர்வொர்த் ஃபெர்ரி போய்விடுமே என்று, இரண்டு நாள் முன்பே இயந்திரம் இயந்திரமாக வந்து, பணம் பெற்றுக்கொண்டதாகச் சம்பளச் சீட்டில் கையெழுத்து வாங்கியவரும் நீங்களே. வங்கியில் சம்பளம் போட ஆரம்பித்ததும் அந்தப் பழக்கம் நின்றது. நிறுவனம் தள்ளாடிய கடைசி மூன்று மாதம், ரொக்கமாகத் தருவதாக முதலாளி சொல்ல, மறுபடி தொடங்கியது. நாங்களும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டோம்.

சம்பளம் வரவில்லை. நிறுவனச் சொத்தை விற்றுக் கடனடைக்க வந்த அதிகாரி, அந்தச் சீட்டுகளைக் காட்டி, எல்லாருக்கும் கொடுத்தாகிவிட்டது என்று கைவிரித்தார். வழக்குப் போட்டோம். ஆத்திரத்தை உங்கள்மேல் கொட்டினோம். முதலாளிக்குக் கூட்டு என்றுகூடப் பேசினோம். தொழிலாளர் நீதிமன்றத் தாழ்வாரத்தில் நீங்கள் ஒரு பக்கம், நாங்கள் முப்பத்தெட்டுப் பேர் மறுபக்கம் உட்கார்ந்திருந்தோம்.

எதிர்த்தரப்புதான் உங்களைச் சாட்சிக்கு அழைத்திருந்தது. கையெழுத்து இவர்களுடையதா என்று கேட்டதற்கு ஆமாம் என்று மட்டும் சொல்லியிருந்தால், உங்களுக்கு ஒரு வம்பும் வந்திருக்காது. நீங்கள் சொன்னது எங்களுக்கு இன்னும் மறக்கவில்லை.

“கையெழுத்து அவங்களோடதுதான். காசு வர்றதுக்கு முன்னுக்கே வாங்குனது நாந்தான். காசு வரவே இல்ல. தப்பு என்மேல.”

அதனால் எங்களுக்குச் சம்பளம் கிடைத்தது. உங்களுக்கோ, பொய்ச்சீட்டு எழுதியவர் என்ற பெயரும், வேலை கேட்டுப் போன இடமெல்லாம் இல்லை என்ற பதிலும் கிடைத்தன. நன்றி சொல்லக்கூட ஒருவரும் வரவில்லை. முதலில் வெட்கம், பிறகு நாளைக்குப் போகலாம் என்ற சோம்பல். இதை வாசிக்கும் ரமணியாகிய நான், கொம்தார் பஸ் நிலையத்தில் உங்களைக் கண்டும் காணாததுபோல் பஸ் ஏறிப் போனேன். நீங்கள் கையை உயர்த்தியதை நான் பார்த்தேன், அக்கா.

நீண்ட ஆயுளும் நிறைந்த நலமும் பெற்று நீங்கள் வாழவேண்டும். அந்த வாழ்வு தனிமையில் கழியக்கூடாது. வரும் ஞாயிறு மதியம் ஆயர் ஈத்தாமில் உள்ள உங்கள் வீட்டுக்கு வருகிறோம். ஒன்றும் சமைக்க வேண்டாம். கதவை மட்டும் திறந்துவிடுங்கள்.

உங்களிடம் மன்னிப்புக் கோரும்
முன்னாள் ஊழியர்கள் முப்பத்தெட்டுப் பேர்,
ஜெலுத்தோங், பினாங்கு.