வழங்கல் பதிவேட்டில் என் மருமகளின் பெயர்

என் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண், தெரு ஆகியவை இந்தத் தாளின் மேல்பகுதியில் தனியே எழுதிக்கொள்ளப்பட்டன. எனக்கு வயது எழுபத்தாறு. முதுகலை வரை படித்தவன். பொது நூலகத்தில் வழங்கல் பிரிவு எழுத்தராக முப்பத்தெட்டு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மகனோடும் மருமகளோடும் குடியிருக்கிறேன். என் மருமகள் அதே நூலகத்தின் நூலகர். வழங்கக் கூடாத நூல் ஒன்றை வழங்கினாள் என்று அவள்மேல் வழக்குப் பதிவாகி, சென்ற புதன்கிழமை முதல் தற்காலிகப் பணிநீக்கத்தில் இருக்கிறாள். வழக்கு நிரூபணமானால் வேலை நிரந்தரமாகப் போய்விடும். அது தொடர்பாக, யார் வற்புறுத்தலும் இல்லாமல் நானாகவே காவல் நிலையத்துக்கு நடந்து வந்து இதைச் சொல்கிறேன். பேச்சில் முன்பின் தடுமாறுவேன் என்ற பயத்தில் சொல்ல வேண்டியவற்றை வீட்டிலேயே ஒரு தாளில் குறித்து வந்திருந்தேன். அதையும் சேர்த்தே எழுதிக்கொள்வதாக அதிகாரி சொன்னார். அது வருமாறு:

1. எனக்கும் அந்த நூலகத்துக்கும் உள்ள தொடர்பு.
2. பதினான்கு நூல்களை நிறுத்திவைக்கும் ஆணை வந்தபோது நான் செய்தது.
3. ஞாயிற்றுக்கிழமை வாசிப்புக் கூட்டத்தில் நடந்தது; பூட்டிய பீரோவிலிருந்து நூலை எடுத்தவன் நான் என்பதும், மருமகளுக்கு அது தெரியாது என்பதும்.
4. பதிவேட்டில் மருமகள் பெயரை நான் எழுதியது பழைய விதிப்படி, பழக்கத்தால் என்பது.
5. திங்கட்கிழமை நடந்த சோதனை.

நான்காவதை மூன்றாவதோடு சேர்த்திருக்கலாமோ என்று வரும் வழியில் தோன்றியது. மாற்றவில்லை.

முதலாவது. நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு யாரையும் நியமிக்கவில்லை. மருமகள் தேர்வெழுதித் தன் தகுதியில் நூலகராக வந்தவள். அவளுக்காக நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லும் ஆளும் நான் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் அதிகம் என்பதால், மேலிடத்தின் எழுத்துமூல அனுமதியோடு, காலை ஒன்பது முதல் ஒரு மணிவரை வழங்கல் மேசையில் நான் உட்காருகிறேன். பதிவேட்டில் ஒவ்வொரு பதிவுக்கும் அடியில் கோடு போடுவதால் வாசகர்கள் என்னை 'ரூல்தடி சார்' என்பார்கள். முகத்துக்கு நேரே சொல்வதில்லை. எனக்குத் தெரியும்.

இரண்டாவது. நான் வேலையிலிருந்த கடைசி ஆண்டில், பதினான்கு நூல்களைப் பொதுமக்களுக்கு வழங்கக் கூடாது என்று ஓர் ஆணை வந்தது. காரணம் எழுதப்படவில்லை. நான் அந்தப் பதினான்கையும் எடுத்து, முதல் பக்கத்தில் 'வழங்குவதற்கில்லை' என்று முத்திரையிட்டு, மை எதிர்ப் பக்கத்தில் ஒட்டாதபடி மையொற்றும் தாள் வைத்து மூடி, பக்கத்து அறையின் இரும்பு பீரோவில் அடுக்கிப் பூட்டினேன். அவற்றில் நான்கை நான் ஏற்கெனவே படித்திருந்தேன். ஆட்சேபம் எதுவும் தெரிவிக்கவில்லை. அதன் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பூச்சி உருண்டை மட்டும் மாற்றிவந்தேன். அந்த ஆணையை யாரும் திரும்பப் பெறவில்லை; யாரும் நினைவில் வைத்திருந்ததாகவும் தெரியவில்லை.

மூன்றாவது. நிறுத்திவைக்கப்பட்ட நூல்களை ஊரார் கூடிச் சத்தமாக வாசிக்க வேண்டும் என்பது மருமகளின் யோசனை. நூலை வழங்குவதைத்தான் ஆணை தடுக்கிறது, வாசிப்பதை அல்ல என்றாள். ஒரு நூலுக்கு ஒருவர், ஆளுக்கு ஐந்து நிமிடம், அவரவர் வீட்டுப் பிரதியிலிருந்து ஒரு பக்கம். மண்டபத்துக்கு முறையாக எழுதி அனுமதி வாங்கினாள். அன்று முப்பத்துநான்கு நாற்காலிகள் போட்டோம். எட்டுப் பேர் நின்றார்கள். தொடங்கும்போது மருமகள், "அவங்கவங்க வீட்டுப் புத்தகம் மட்டும்தான். பீரோப் பக்கம் யாரும் போகக் கூடாது. மாமா, உங்களுக்கும் சேர்த்துத்தான்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்கு நாற்பத்திரண்டு பேர் சாட்சி.

முதலில் தையல்கடை அம்மாள் எழுந்தார். "இதைப் படிச்சா கைக்கு விலங்கா, காலுக்கு விலங்காம்மா?" என்று கேட்டார். "முதல்ல கண்ணாடியைப் போடுங்கக்கா, எழுத்து தெரியட்டும். விலங்கை அப்புறம் பார்ப்போம்" என்றாள் மருமகள். அவர் கண்ணாடியைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்திருந்ததால் மேசையில் இருந்த என் மாற்றுக் கண்ணாடியை வாங்கிக்கொண்டு படித்தார். அதன் பிறகு ஐந்து பேர் வரிசையாகப் படித்தார்கள். எந்தப் பக்கத்திலும் எனக்குப் புதிதாகக் குற்றம் ஒன்றும் புலப்படவில்லை. நான் அதற்குத் தகுதியானவனா என்பது வேறு.

ஏழாவதாகப் படிக்க வேண்டியவர் பேருந்து ஓட்டுநர். ஒரு மணிக்கு அவருக்கு வண்டி எடுக்க வேண்டியிருந்ததால் சீருடையில் வந்திருந்தார். பழுப்புத் தாள் அட்டை போட்ட ஒரு பொட்டலத்தை மேசைமேல் வைத்துப் பிரித்தார். உள்ளே வெறும் மண் இருந்தது.

"பரண்ல பத்திரமா இருக்குன்னு நெனச்சுட்டேன் மேடம். கரையான் எனக்கு முன்னாடியே படிச்சு முடிச்சிருச்சு" என்றார்.

"பரவாயில்லண்ணே. ஞாபகம் இருக்கறதைச் சொல்லுங்க, போதும்."

"ஞாபகத்துல இருந்து சொன்னா அது என் பேச்சாயிடும். டிப்போவுல நான் பேசாத பேச்சா? அவர் எழுதுனதை எழுதுனபடி படிக்கணும்னுதான் வந்தேன்."

"அப்போ அந்த அஞ்சு நிமிஷம் எல்லாரும் சும்மா உக்காந்திருப்போம். பீரோவைத் திறக்க மாட்டேன். கோவிச்சுக்காதீங்க."

இதைச் சொன்னவள் என் மருமகள் என்பதைத் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

ஓட்டுநர் மண்ணைக் கூட்டி எடுத்து, வெளியே கொட்டிவிட்டு, வெற்று அட்டையோடு என் மேசை அருகே வந்து நின்றார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. மூன்றாவது வரிசையில் அவர் மகள், கல்லூரியில் வேலை பார்ப்பவர், அப்பா படிப்பதைப் படம்பிடிக்கக் கைப்பேசியைத் தயாராக வைத்திருந்ததையும், பிறகு மடியில் கவிழ்த்து வைத்ததையும் பார்த்தேன். அதன் பிறகு மேசை இழுப்பறையில் குண்டூசி டப்பாவுக்குள் இருந்த சாவியை எடுத்துப் பக்கத்து அறைக்குப் போய், பீரோவைத் திறந்து, இரண்டாம் தட்டில் ஒன்பதாவதாக இருந்த நூலை எடுத்து வந்து, வழங்கல் பதிவேட்டில் பதிந்து, நேரம் பதினொன்று இருபத்தைந்து என்று எழுதி, கோடு போட்டு, முதுகில் உள்ள எண் தெரியாதபடி நானே அந்தப் பழுப்புத் தாளைச் சுற்றி அவரிடம் கொடுத்தேன். என்னிடம் யாரும் சொல்லாமல், நானாக, விதிக்கு மாறாக ஒன்றைச் செய்தது என் நினைவில் அதுதான் முதல் தடவை.

மருமகள் நிமிர்ந்து, "கிடைச்சிடுச்சாண்ணே?" என்றாள். "கிடைச்சிடுச்சு மேடம்" என்றார் அவர். கூட்டத்தில் வேறு யாரோ பிரதி கொண்டுவந்திருப்பதாக அவள் நினைத்துக்கொண்டாள். அவர் புத்தகத்தை இரண்டு கையாலும் ஸ்டியரிங் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டு படித்தார். ஓர் அலுவலகச் சன்னலில் மகனைப் பற்றிக் கேட்டு நிற்கும் பெண்ணிடம், நாளைக்கு வா என்று மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்லும் பக்கம் அது. முடித்ததும் தையல்கடை அம்மாள் என் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். பதினொன்று ஐம்பதுக்கு நூலைத் திரும்ப வாங்கி, அதையும் பதிந்து, பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

நான்காவது. நூலகத்துக்குள்ளேயே பார்ப்பதற்காக எடுக்கும் எதையும் நூலகரின் பெயரில் பதிவது எங்கள் பழைய விதி. அந்தப் பழக்கத்தில், 'பெற்றவர்' என்ற கட்டத்தில் மருமகளின் பெயரை எழுதினேன். அவளைக் கேட்கவில்லை. கையெழுத்து என்னுடையது.

ஐந்தாவது. மறுநாள் ஒரு மனுவின் பேரில் ஆய்வாளரும் இரண்டு காவலர்களும் நூலகத்துக்கு வந்தார்கள். என்னையும் ஆள் அனுப்பி அழைத்தார்கள். பீரோவைத் திறந்து எண்ணினார்கள். பதினான்கும் இருந்தன. ஆய்வாளர், "எல்லாம் சரியாத்தான் இருக்கு. யாரோ வேலையத்தவன் மனு போட்டிருக்கான்" என்று சொல்லித் தொப்பியை எடுத்துக்கொண்டார். வாசலுக்குப் போனவர் திரும்பி, "வேற பதிவேடு ஏதாச்சும் இருக்கா பெரியவரே?" என்று வழக்கத்துக்குக் கேட்டார். நான் இருக்கிறது என்று சொல்லி, வழங்கல் பதிவேட்டை எடுத்து, தூசி தட்டி, அந்தப் பக்கத்தில் அடையாளத் தாள் இருந்ததால் அந்தப் பக்கத்தையே விரித்துக் கொடுத்தேன்.

ஆய்வாளர் அதை மருமகளிடம் காட்டினார். அவள் பார்த்தாள். என் எழுத்து அவளுக்குத் தெரியாததல்ல. வீட்டில் மளிகைப் பட்டியலும் நான்தான் எழுதுகிறேன். என் பக்கம் திரும்பவில்லை. "என் பேருதான் சார்" என்றாள். காட்டிய இடத்தில் கையெழுத்திட்டாள்.

அதன் பிறகு வீட்டில் நடந்ததும் இதற்குத் தொடர்புடையது என்பதால் சொல்கிறேன். அன்று மாலை அவள் எனக்கு வழக்கம்போல் தேநீர் கொடுத்துவிட்டு, "நேரம்கூட எழுதியிருக்கீங்களே மாமா" என்றாள். திட்டியிருந்தால் தேவலை. வழக்கறிஞர் வந்து பதிவேட்டின் நகலைப் பார்த்துவிட்டு, "நுணல் வாயால கெடும்பாங்க. நீங்க பேனாவால கெடுத்திருக்கீங்க பெரியவரே" என்றார். அதன் பிறகு, "பழைய விதி, கைப்பழக்கம், வயசாயிடுச்சு. இந்த மூணையும் மாத்தாம சொல்லுங்க. உங்களை ஒண்ணும் பண்ண மாட்டாங்க" என்று சொல்லிக்கொடுத்தார். "அப்போ இவளை?" என்றான் என் மகன். "விதிப்படி அவங்க பேரு வருதுன்னா அவங்க பொறுப்புன்னு ஆகும். அதை அப்புறம் வாதாடிப் பார்ப்போம்" என்றார் அவர். மருமகள் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். "மாமாவை எதுக்கு ஸ்டேஷனுக்கு அலைய விடுறீங்க? வெயிலு வேற" என்றாள். நான்கு நாட்களாக அந்தப் பேச்சு என் காதிலேயே இருக்கிறது. சரியாகத் தூங்கவில்லை.

இதுவரை சொன்னதை எழுதி முடித்து அதிகாரி எனக்கு வாசித்துக் காட்டினார். நான் இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும் என்றேன். "போதும் பெரியவரே, கோர்வையாத்தான் சொல்லியிருக்கீங்க. கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போய்ப் படுங்க" என்றார். கோர்வையாக இருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது என்றேன். அவர் புதிய தாள் எடுத்தார்.

நான்காவதாக நான் சொன்னது தவறு. அப்படி ஒரு விதி நாளிதழ்களுக்கு மட்டும்தான் உண்டு. நூல்களுக்கு, அலமாரியிலிருந்து எடுத்தவர் பெயரைத்தான் பதிய வேண்டும். அந்த விதியைத் தட்டச்சுக்கு எழுதிக் கொடுத்தவனே நான். ஆகவே அந்தக் கட்டத்தில் என் மருமகளின் பெயர் வருவதற்கு எந்த வழியும் இல்லை.

பழக்கத்தாலும் எழுதவில்லை. பதினொன்று இருபத்தைந்துக்கு அந்தக் கட்டத்தில் நான் முதலில் என் பெயரைத்தான் தொடங்கினேன். ஓர் எழுத்து எழுதினேன். அதன் பிறகு, நாளைக்கு யாராவது இதைக் கேட்டால் என்ற எண்ணம் வந்தது. கை நின்றுவிட்டது. பதியாமல் நூலைக் கொடுக்கும் துணிவும் எனக்கு இல்லை. என் பெயரில் பதியும் துணிவும் இல்லை. அவள் பதவியில் இருப்பவள், நாலு பேருக்குப் பதில் சொல்லத் தெரிந்தவள், சமாளித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அப்படியே அந்த வார்த்தைகளில் நினைத்தேன். அந்த எழுத்தின்மேலேயே அவள் பெயரை அழுத்தி எழுதினேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் அடியில் என் பெயரின் முதல் எழுத்து இப்போதும் தெரியும். மூலப் பதிவேட்டை வரவழைத்துப் பார்க்க வேண்டுகிறேன், நகலில் தெரியாது.

அந்த நூலை எடுத்தவனும் கொடுத்தவனும் நான். இதனால் எனக்கு என்ன வரும் என்று அதிகாரி விளக்கிச் சொன்னார், புரிந்தது. பயமாகத்தான் இருக்கிறது. நான்காவது குறிப்பை அடித்துவிட்டு, இந்தப் புதிய தாளில் உள்ளதை அதற்குப் பதிலாகக் கொள்ளவும். மற்றவை நான் கண்டதும் செய்ததும். கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லை. எழுதியதை வாசிக்கக் கேட்டு, அடித்தல் திருத்தல் உள்ள இடத்தில் தனியாகவும் கையெழுத்திட்டேன்.