வலப்பக்கப் பொத்தானை வசமாக்கிய பிரபாவதி அம்மையாருக்கு

காத்திருப்போர் பட்டியலைக் கண்ணிமைபோல் காத்தவரே, கோப்புகளுக்குக் குறுக்குவழி கண்ட கோமகளே, முப்பத்தோர் ஆண்டுகள் முகம் சுளிக்காது முன்மேசையில் அமர்ந்தவரே, எங்கள் குடியிருப்பு ஒதுக்கீட்டுப் பிரிவின் மூத்த உதவியாளர் திருமதி பிரபாவதி அம்மையாரே, வணக்கம்.

இவற்றில் ஒரு பட்டம் மிகை என்று நீங்கள் நினைப்பீர்கள். இரண்டு என்று ஏசுபாதம் நினைக்கிறார். இம்மடலை எழுதும் பொறுப்பு அவர் தலையில்தான் விழுந்தது. உங்கள் பணிநிறைவு விழாவில் ஊழியர் அனைவர் சார்பிலும் வாசிக்கப்படும் மடலில் 'நான்' என்று எழுத இடமில்லை. ஆகவே அவர் தம்மையும் 'அவர்' என்றே எழுதிக்கொள்கிறார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறில் தட்டச்சராக வந்தீர்கள். நெல்லையிலிருந்தும் சேலத்திலிருந்தும் ஆய்வுக்கூட வேலைக்கு வந்து, சதுரங்கப்பட்டினத்தில் ஒற்றை அறையில் ஒண்டிக்கொண்டு, ஆய்வுக்கூட ஊழியர் நகரியத்தில் எப்போது வீடு கிடைக்கும் என்று ஏங்கியவர்களுக்கு, ஏட்டைப் புரட்டாமலே அவர்களுடைய வரிசை எண்ணைச் சொன்னீர்கள். அந்த நினைவாற்றல்மீது ஏசுபாதத்துக்குப் பொறாமை இருந்ததில்லை. அது பின்னால் வந்தது.

தொண்ணூற்றொன்பதில் நான்கு கணினிகள் வந்தன. ஏசுபாதம் ஆறு மாதம், நாள்தோறும் அலுவலகம் விட்டதும் செங்கல்பட்டுக்குப் பேருந்தில் தொங்கிப் போய்ப் படித்துச் சான்றிதழ் வாங்கியிருந்தார். அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்ட குடும்பத்தில் பிறந்து மேசைக்கு வந்த முதல் ஆள் அவர். அதனால் அந்தச் சான்றிதழைத் தம் நாற்காலிக்கு மேலேயே மாட்டினார். கணினியில் எது கேட்பதென்றாலும் எல்லோரும் அவரிடமே வந்தார்கள். அந்தப் பெருமை ஒரு மழைக்காலம்கூட நீடிக்கவில்லை.

நம் பிரிவில் ஒவ்வொரு கடிதமும் அதிகாரி ராகவன் அவர்களின் கணினிக்கும், அச்சு இயந்திரம் இணைந்திருந்த உங்கள் கணினிக்கும், பிளாப்பி வட்டுக்கும் போயாக வேண்டும். நகலெடு, ஃபோல்டருக்குள் ஃபோல்டராகத் திற, ஒட்டு என்று ஏசுபாதம் அனைவருக்கும் பாடம் எடுத்திருந்தார். நீங்களோ மவுஸின் வலப்பக்கப் பொத்தானை அழுத்தினீர்கள். அங்கே 'சென்ட் டு', அதாவது 'இங்கே அனுப்பு' என்றொரு பட்டியல் விரிந்தது. அதில் பிளாப்பிக்கு இடம் இருக்கும்போது அதிகாரிக்கு ஏன் இருக்கக்கூடாது என்று கேட்டீர்கள். அந்தப் பட்டியல் குடியிருக்கும் ஃபோல்டரைத் தேடிப் பிடித்து, போக வேண்டிய இடங்களின் குறுக்குவழிகளை அதில் போட்டுவைத்தீர்கள். அன்றுமுதல் ஒரே சொடுக்கில் கடிதம் போய்ச் சேர்ந்தது.

எங்கே கற்றீர்கள் என்று ஏசுபாதம் கேட்டார்.

"எங்கியும் கத்துக்கல சார். சும்மா தொறந்து பாத்தேன், உள்ள இருந்துச்சு" என்றீர்கள்.

அந்தச் 'சும்மா'வைக் கேட்டு அவர் தம் சான்றிதழைத் திரும்பிப் பார்த்தார். கூட்டம் உங்கள் மேசைக்கு மாறியது. வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்த அவரிடம் மனைவி ரூத், "அந்தம்மா உங்கள இன்னா பண்ணிச்சு? ஏன் இப்டி பொருமிகினு கீறீங்க?" என்று கேட்டார். மறுநாள் அவர் தம் கணினியின் பட்டியலில் நாற்பத்தொரு பெயர்களை ஏற்றினார். உங்கள் பட்டியலில் ஆறுதான் இருந்தன.

இரண்டாயிரத்து இரண்டில், வீடு ஒதுக்கும் நாளுக்கு முந்தைய நாள், இருநூற்றுப் பதினான்கு குடும்பங்களின் காத்திருப்புப் பட்டியலை அவர் பத்திரப்படுத்த எண்ணித் தம் கணினியிலேயே 'பாதுகாப்பு' என்ற ஃபோல்டருக்கு அனுப்பினார். திரும்பிப் பார்த்தால் இருந்த இடத்தில் பட்டியல் இல்லை. உங்கள் வித்தைதான் அதை விழுங்கிவிட்டது என்று முடிவு கட்டினார். பட்டியல் தொலைந்ததைச் சொல்லி, பயிற்சியற்ற பிரபாவதியைக் கணினியிலிருந்து விலக்கித் தட்டச்சு இயந்திரத்துக்கே அனுப்ப வேண்டும் என்று அதிகாரிக்கு ஒரு புகார் தட்டினார். உங்களைக் குறைசொல்லும் அந்தப் புகாரையும் நீங்கள் கண்ட வழியிலேயே அனுப்பினார்.

அன்று பன்னிரண்டு மணிக்கு நீங்களே அவர் மேசைக்கு வந்தீர்கள். "சார், உங்க கணினியிலயே ஒரே டிரைவுக்குள்ள அனுப்புனா ஃபைலு நவுந்து போயிடும். வேற டிரைவுக்கு அனுப்புனாத்தான் நகல் போவும். பயப்படாதீங்க, இங்கதான் கீது" என்று 'பாதுகாப்பு' ஃபோல்டரைத் திறந்து காட்டினீர்கள். இருநூற்றுப் பதினான்கு பெயரும் இருந்தன. புகாரைத் திரும்பப் பெற ஏசுபாதத்துக்குத் துணிவு வரவில்லை. அதிகாரி கூப்பிடுவார் என்று ஒரு மாதம் பயந்தார். கூப்பிடவில்லை. சரி, அதிகாரியும் உங்கள் பக்கம்தான் என்று எண்ணி, அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டார்.

ஐந்து ஆண்டுகள் கழித்து, சென்ற திங்களன்று, பொறுப்பேற்கும் முன் உங்கள் கணினியைத் திறந்து பார்த்தபோது 'வந்தவை' என்ற ஃபோல்டரில் அந்தப் புகாரைக் கண்டார். நாற்பத்தொரு பெயர்களின் நெரிசலில், அதிகாரிக்கு அடுத்த வரியில் இருந்த உங்கள் பெயரைச் சொடுக்கியிருக்கிறார். அது உங்களிடம் வந்த நேரம் பதினொன்றேகால் என்று கணினி காட்டியது. அதைப் படித்துவிட்டுத்தான் பன்னிரண்டு மணிக்கு அவரைக் காப்பாற்ற வந்திருக்கிறீர்கள். அன்று கணினிமுன் அமர்ந்து அவர் அழுதார். அழுது முடித்தபின், இந்தக் குணமும் உங்களுக்கே வாய்த்ததே என்று மறுபடி பொறாமைப்பட்டார்.

புதனன்று இம்மடலின் வரைவை, பெயரை இருமுறை சரிபார்த்து, உங்களுக்கே அனுப்பினார். மாலையில் திருப்பி அனுப்பினீர்கள். பட்டங்களில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. புகார் பற்றிய பத்திகளை மட்டும் முழுதாக நீக்கி, "இதெல்லாம் எதுக்கு சார், உங்க புள்ளைங்களும் விழாவுக்கு வருமே" என்று கீழே எழுதியிருந்தீர்கள்.

படூரில் மகள் வீட்டில் பேரப்பிள்ளைகள் சூழ, நோயும் நொடியும் அண்டாமல், கண்ணொளி குன்றாமல், நூறாண்டு கடந்தும் நீங்கள் நலமோடு வாழ எங்கள் அனைவரின் நெஞ்சார்ந்த வாழ்த்துகள். நீங்கள் நீக்கிய பத்திகளை ஏசுபாதம் திரும்பச் சேர்த்து, செங்கல்பட்டுக்கு எடுத்துப்போய்க் கண்ணாடிச் சட்டமும் போட்டுவிட்டார். அவர் பிள்ளைகள் ஜோயலும் ஸ்டெல்லாவும் முதல் வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார்கள். இனி நீங்களே நினைத்தாலும் அழிக்க முடியாது.

என்றும் உங்கள் அன்பை மறவாத,
குடியிருப்பு ஒதுக்கீட்டுப் பிரிவு ஊழியர்கள்,
அவர்களுள் ஒருவராக ஏசுபாதம்