ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தல்

ஐயா, மடிக்கணினி திறக்கவில்லை என்று கடைக்கு வருகிறவர்களில் பலர், அதை முதலில் நன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். நான் அவர்களைக் கடிந்துகொள்வதில்லை. பொறுமையாகக் கேட்பதாகத் தாங்கள் சொன்னதால், என் தொழில்முறையிலிருந்தே தொடங்குகிறேன். பிழையிருந்தால் மன்னிக்க வேண்டும்.

அன்று முற்பகலில் என் மனைவியின் அண்ணன் கடைக்கு வந்தார். அவர் கொண்டுவந்தது அவளுடைய மடிக்கணினி. பொத்தானை அழுத்தினால் விசிறி சுற்றும், திரை ஒரு கணம் வெளுக்கும், உடனே அணைந்துவிடும். அதன் ஒரு மூலை நசுங்கியிருந்தது. அவள் தாய்வீட்டுக்குப் புறப்பட்ட அன்று நான் அவளை நிறுத்த முயன்றபோது, அந்த மூலை அவள் மணிக்கட்டில் பட்டுவிட்டது. மணிக்கட்டும் சற்றுப் பாதிக்கப்பட்டது.

“கை எலும்பு கூடிடுச்சு மாப்ளே. இதுதான் எழுந்திரிக்க மாட்டேங்குது,” என்றார் மைத்துனர். எதையும் சிரித்துக்கொண்டே சொல்லும் சுபாவம் அவருக்கு.

எங்கள் தொழிலில் ஊகத்துக்கு இடமில்லை. பின்மூடியைத் திறந்து பேட்டரியைக் கழற்ற வேண்டும். பொத்தானை அழுத்திப் பிடித்து, உள்ளே தங்கிய மின்சாரத்தை வடியவிட வேண்டும். பிறகு ஒவ்வொரு பாகமாகக் கழற்றி, இயக்கிப் பார்க்க வேண்டும். எது இல்லாதபோது இயந்திரம் எழுகிறதோ, பழுது அதில்தான்.

ரேம் என்னும் நினைவக அட்டைகள் இரண்டு இருந்தன. அவற்றின் பொன்னிற விளிம்பைப் பென்சில் அழிப்பானால் தேய்த்தேன்.

“என்ன மாப்ளே, கணக்குப் பரீட்சையா? தப்பா எழுதிட்டீங்களா?”

நானும் சிரித்தேன். எங்களுக்குள் பகை எதுவும் இருந்ததில்லை என்பதைத் தாங்கள் குறித்துக்கொள்ளலாம்.

தேய்த்தும் பயனில்லை. ஒரு ரேமை எடுத்துவிட்டு இயக்கினேன், எழுந்துவிட்டது. திரையில் முன்பு எங்கள் திருமணப் படம் இருக்கும். அன்று வெறும் நீலம் இருந்தது.

“அவ எப்ப வர்றா மச்சான்?” என்று மரியாதையாகத்தான் கேட்டேன்.

“அவசரப்படுத்தாதீங்க. அவளா மனசு மாறணும். கொஞ்ச நாள் எங்களோட இருக்கட்டுமே.”

அவள் வராததற்கு எத்தனையோ காரணங்களை யோசித்துத் தள்ளியிருந்தேன். பக்கத்திலேயே நின்ற இந்த ஒன்றை மட்டும் கழற்றிப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவர் திரையைப் பார்க்கக் குனிந்தார். சார்ஜர் வயர் என் கையில் இருந்தது. கழுத்தில் சுற்றி, முழங்காலை அவர் முதுகில் ஊன்றி, இழுத்தேன். பருத்த உடம்பு, எதிர்பார்த்ததைவிட நேரம் பிடித்தது. உதைத்த காலில் முக்காலி ஒடிந்தது. நகங்கள் என் புறங்கையைக் கிழித்தன. காயத்தைத் தாங்களே பார்த்தீர்கள். ஒருமுறை என் விரல்களைப் பிடித்து, ஏதோ சொல்ல வேண்டும் என்பதுபோல அழுத்தினார். வேலையைப் பாதியில் விடும் பழக்கம் எனக்கில்லை. அவர் அசைவற்றுப்போன பிறகும், உறுதிக்காகச் சிறிது பிடித்திருந்தேன்.

சிதறிய திருகுகளைப் பொறுக்கினேன். பின்மூடியைப் பூட்டினேன். வயரில் பட்டிருந்த இரத்தத்தைத் துடைத்து, எல்லாவற்றையும் பையில் வைத்து, அவளிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவள் கதவைப் பாதிதான் திறந்தாள். “அண்ணன் எங்க?”

“கடையில படுத்திருக்காரு. இனிமே உன்ன யாரும் தடுக்க மாட்டாங்க. கெளம்பு.”

“யாரு தடுத்தா? வர மாட்டேன்னு சொன்னது நானு. ஒரு தடவை பேசிப் பாருன்னு தெனமும் கெஞ்சினது அண்ணன்தான். வேற கடை இல்லாமலா இத உங்ககிட்ட தூக்கிட்டு வந்தாரு?” என்றாள். பிறகு என் கையைப் பார்த்தாள். அவள் கத்தியதைக் கேட்டு அக்கம்பக்கத்தார் வந்தார்கள். நான் ஓடவில்லை, அவர்கள் தந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

அவள் சொன்னதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஐயா. இத்தனை நாள் அவர் சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறாள். அவர்தான் இப்போது இல்லையே, மனம் தானே தெளிந்துவிடும். இந்தக் காவல் நிலையத்தில் என்னிடமிருந்து எடுத்துவைத்த பொருட்களில் வீட்டுச் சாவி இருக்கிறது. தயவுசெய்து அதை அவளிடம் கொடுத்தனுப்புங்கள். நான் வர நேரமானால், அவள் வாசலில் காத்து நிற்கக் கூடாது.