கர்சர் நின்ற இடம்

— …அப்போ தானாவே மூடிக்கிச்சா?

— ஆமா. திரை வெள்ளையாச்சு. அப்புறம் ஒண்ணுமில்ல.

— நீங்க என்னப்பா பண்ணீங்க?

— ஒண்ணும் பண்ணல.

— அப்பா…

— கீபோர்டைத் துடைச்சேன். காஞ்ச துணிதான்.

— கம்ப்யூட்டர் ஓடிட்டிருக்கும்போதா! அத்தனை பட்டனையும் ஒண்ணா அழுத்தினா அது என்ன செய்யும், பாவம்?

— தூசியா இருந்துச்சும்மா.

— அணைச்சுட்டுத் துடைக்கிறதுதானே?

— அதை நான் அணைக்கிறதில்ல.

— ஏன்?

— ஒரு லெட்டர் அதுல திறந்தே இருந்துச்சு. நம்ம குடியிருப்புச் சங்கத்துக்கு. மோட்டார் சத்தம்னு.

— சேவ் பண்ணலையா?

— இல்ல.

— ஒரு தடவைகூடவா? 'வரிக்கு வரி சேவ் பண்ணு'ன்னு என் உயிரை எடுத்த மனுஷனா இது!

— திட்டறதை அப்புறம் வச்சுக்கோ. வருமா, வராதா?

— வரும், வரும். அதுக்கு ஏன் இப்படி அவசரப்படறீங்க? புரோகிராமைத் திறங்க. இடது பக்கம் ஏதாச்சும் காட்டுதா?

— இரு, கண்ணாடி… ஆங். பேரில்லாம ஒண்ணு இருக்கு.

— அதேதான். அழுத்துங்க. மெதுவா! துடைச்சுடாதீங்க!

— வந்துடுச்சு.

— முழுசாவா? கடைசியில கொஞ்சம் போயிருக்கும். படிங்க பாப்போம்.

— எல்லாம் இருக்கு.

— படிங்கன்னா.

— 'ஐயா, வணக்கம். தண்ணீர் மோட்டார் எங்கள் படுக்கையறைச் சுவரை ஒட்டி இருக்கிறது. அந்தச் சத்தத்தில் என் கணவர் தூங்குவதே…'

— உங்க கணவரா? அப்பா… அம்மா அடிச்சதா?

— அன்னிக்கு சாயங்காலம். அடிச்சுக்கிட்டே இருந்தவ, நாற்காலியிலயே சாஞ்சுட்டா, அப்புறம் எழுந்திருக்கவே இல்ல. உனக்குத்தான் தெரியுமே.

— அந்த மோட்டாரை எப்பவோ மாத்திட்டாங்களேப்பா.

— ஆமா. இப்போ சத்தமே இல்ல.

— தூங்கறீங்களா?

— எழுத்து ஏதாச்சும் போச்சான்னு பாத்தேன். எல்லாம் இருக்கு.

— சரி. ஒரு எழுத்துகூடப் போகல. சேவ் பண்ணிடுங்க, இனி எங்கயும் போகாது.

— ம்.

— அப்புறமும் ஏன்பா இவ்வளவு கவலை?

— கர்சர் மேல போயி நிக்குது. 'ஐயா'வுக்கு முன்னாடி.

— திறந்தா அங்கதான் நிக்கும். முன்னாடி எங்க இருந்துச்சு?

— 'என்'னுக்கும் 'கணவரு'க்கும் நடுவுல. எல்லாம் அடிச்சு முடிச்சுட்டு, திரும்ப அங்க வந்திருக்கா. என்னைப் பத்தி ஏதோ ஒரு வார்த்தை சேக்க வந்திருக்கா. இத்தனை நாளா அங்கயே மின்னிக்கிட்டு இருந்துச்சு.

— அவ்வளவுதானே? அந்த இடத்துல ஒரு தடவை தட்டுங்க, வந்து நின்னுடும்.

— நான் தட்டினா, அது நான் வச்ச இடம்மா.