சாய்ந்த கயிறு

சிராங்கூன் ரோடு பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்தவர் பக்கத்திலிருந்தவரிடம், "மச்சான், நான் ஒரு ஏரிய ஆழமாக்கிட்டேன்லா" என்றார். மலாயாவில் மின்சாரத் திட்டத்துக்காக மலை ஏரிகளை அளந்துவிட்டு வந்தவராம்.

"தோண்டினியா?"

"ஈயக்குண்டு கட்டின கயித்த இறக்கினேன். காத்துல படகு நகர்ந்து கயிறு சாய்ஞ்சுடுச்சு. விட்ட நீளத்தையே ஆழம்னு எழுதிட்டேன். இவ்வளவு ஆழமான்னு துரை கை குலுக்கிப் பாராட்டினாரு!"

"எப்பத் தெரிஞ்சுது?"

"நேத்து ஷேவ் பண்றப்ப. என் மூளை எப்பவும் லேட்டாத்தான் டூட்டிக்கு வரும்."

"பேசாம இரு. இந்த மாசம் உன் வேலைய கன்ஃபர்ம் பண்றாங்கல்ல?"

"பண்ணுவாங்க. அப்புறம் இல்லாத தண்ணிக்கு டர்பைன் வாங்குவாங்க."

முப்பது வருடம் அரசாங்க அலுவலகத்தில் எல்லாப் படிவங்களையும் நிரப்பியவன் நான். தவற்றை ஒப்புக்கொள்ள மட்டும் படிவம் கிடையாது. இருந்திருந்தால் என் பெயரில் ஒரு கட்டே சேர்ந்திருக்கும்.

ஏரியை அளந்தவருடைய ஆபீஸ் நிறுத்தம் வந்தது. எழுந்தார்.

"துரைகிட்ட என்னடா சொல்லப் போற?"

"திரும்ப அளக்கணும்னு சொல்வேன். யாரை அனுப்பக் கூடாதுன்னும் சொல்வேன்" என்றபடி இறங்கிப் போனார்.