அழகையாவைப் புதைத்த இடம்

பொய் எழுதியிருக்கான், ராஜலிங்கம் ஐயா. யாருன்னு கேக்காதீங்க, எழுதுனவன் பொய் எழுதியிருக்கான். எங்கப்பன் அழகையா செத்து பதினெட்டு வருசமாச்சு. உங்க மயானப் பொஸ்தகத்துல அப்படி ஒரு ஆளே சாகலைங்கிறீங்க.

கத்தலைய்யா. தொண்டையே இப்படித்தான். கண்டிச் சந்தையில மாட்டுத் தரகு மூக்கையான்னா, கொரலைக் கேட்டே திரும்பிப் பாப்பாங்க.

ஒக்கார நேரமில்ல. அம்மா வீட்டுல கெடக்குறா. ஆமா, விடியக்காலையில போயிட்டா. அப்பன் பக்கத்துல பொதைச்சிருடான்னு சொன்னா. வேற ஒண்ணும் கேக்கல. எடத்தக் காட்டுனீங்கன்னா போய்க்கிட்டே இருப்பேன்.

தோட்டத்துலயா? அங்க ஏது சுடுகாடு. ஹேவாஹெட்ட ரோட்டை அகலமாக்குறப்ப குழியெல்லாம் தோண்டிட்டாங்களே. கோப்பி மூட்டை ஏத்துற வண்டியிலதான் எலும்பையும் ஏத்துனாங்க. வெட்டியான் செல்லச்சாமி, ஒங்கப்பன் எலும்பு கண்டிக்கு வந்துருச்சு, இந்த மயானத்துல மூணாவது வரிசைங்கிறான். கங்காணி, இல்லடா, ஆத்தோரமா திரும்பப் பொதைச்சோங்கிறான். ரெண்டு பேரும் சத்தியம் பண்றானுக. மாடுன்னா பல்லைப் புடிச்சுப் பாத்து எவன் புளுகுறான்னு சொல்லிருவேன். இதுல என்னத்தப் பாக்குறது. அதான் உங்ககிட்ட வந்தேன்.

தோட்டத்து செக்ரோல், அந்த ஆள்கணக்கு ஏட்டு நகல் இருக்கா? வாசிங்க.

ம். அப்பன் செத்த வாந்திபேதி வருசத்துக்குப் பொறகும் அஞ்சு வருசம் அழகையா வேலைக்கு வந்திருக்காரு. ஒருநாள்கூட வராம நிக்கல.

அது சரிதாங்கய்யா. அது நான்தான்.

ஆமா. அப்பனைப் பொதைச்ச மறுநாளே கங்காணி என்னைப் பேர் கூப்புடுற பெரட்டுக் களத்துல நிறுத்திட்டான். தொரைக்கு நூறு தலைன்னு சொல்லிக் கூட்டியாந்தவன், ஒண்ணு கொறையக்கூடாதுல்ல. கணக்கப்பிள்ளை அழகையான்னு கூப்புட்டாரு. ஏன் சாமின்னு போய் நின்னேன். அவருக்குத் தெரியாம என்ன? மொத நாளு குழியில ஒரு கை மண்ணு போட்டவருதான். பேரை எழுதிக்கிட்டு கூடையக் குடுத்தாரு. நான் மொட்டை அடிக்கல. அடிச்சா தொரைக்குத் தெரிஞ்சிரும். அம்மாவை அழ விடல, தாலியக் கழட்டவும் விடல. புருசன் பேரு ஏட்டுல இருக்கில்ல.

நான் தோட்டத்தை விட்டு ஓடியாந்த பொறகு கழட்டிருக்கலாம். எதுக்குடா இனிமேன்னுட்டா. இப்பவும் தாலியோடதான் கெடக்குறா. பொட்டு வைக்கவா வேணாமான்னு பொம்பளைங்க தண்ணிக்குடத்தோட நின்னு என்னைக் கேக்குறாளுக. வண்டியப் பூட்டிக்கிட்டு இங்க வந்துட்டேன்.

அப்பன் செத்ததை நீங்க எழுதுனா ஆகாதுய்யா. நீங்க பாக்கல. அந்தக் கணக்கப்பிள்ளை வத்தேகமவுல கடை போட்டு ஒக்காந்திருக்கான். வண்டி வெளிய நிக்குது, நானே கூட்டியாறேன். மூணாவது வரிசையா ஆத்தோரமாங்கிறது பொறவு. மொதல்ல அவன் இந்தக் கதிரையில ஒக்காந்து, அழகையா செத்துட்டான்னு அவன் கையால எழுதணும். எழுதாம அம்மாவை நான் தூக்க மாட்டேன்.